தூண்டில்காரருக்கு நாற்காலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மீன்பிடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிழைப்பு. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் அது பெரும் பொழுதுபோக்கும்கூட. டெக்சாஸ் முதல் ஃபுளோரிடா வரை ஐந்து மாநிலங்களிலும், சனி ஞாயிறு வந்தால் படகைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் ஆசைப்படும் மீன்களில் ரெட் ஸ்னாப்பருக்குத் தனி இடம். அதே மீனைப் பிடித்துச் சந்தைக்கும் உணவகத்துக்கும் அனுப்பிப் பிழைப்பவர்களும் அதே படகுத்துறைகளில்தான் இருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று வகுப்பது வளைகுடா மீன்வள நிர்வாகக் கவுன்சில். அதில் பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் தூண்டில்காரருக்கு நியாயமான இடம் இருக்கிறதா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்தச் சண்டையில் இரு தரப்பும் திரும்பத் திரும்பச் சொல்லும் சில விஷயங்களைச் சரிபார்த்துவிடலாம்.

நம்பிக்கை 1: கவுன்சிலில் தூண்டில்காரருக்கு இடமே இல்லை, எல்லாம் வணிக மீனவர் கையில்.

உண்மை: 1976-இல் வந்த மீன்வளச் சட்டம் நாடு முழுவதற்கும் எட்டு வட்டாரக் கவுன்சில்களை அமைத்தது. வளைகுடாக் கவுன்சிலில் 17 வாக்குகள். அவற்றில் 11 பேர் நியமன உறுப்பினர்கள். மாநில ஆளுநர் ஒவ்வொரு காலியிடத்துக்கும் குறைந்தது மூன்று பெயர்களை அனுப்ப, மத்திய வர்த்தக அமைச்சர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். பதவிக்காலம் மூன்று ஆண்டு. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கிடையாது. வணிக மீன்பிடிக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிக்கும் இடையே நியாயமான, சமநிலையான பங்கீடு இருக்கும்படி அமைச்சர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது எப்படி நடந்தது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அறிக்கையும் தர வேண்டும்.

மீதி ஆறு வாக்குகளில் ஐந்து, மாநில மீன்வளத் துறைகளுடையவை. ஒன்று மத்திய அரசு அதிகாரியுடையது. இந்த ஐந்தைத்தான் பலரும் எண்ண மறக்கிறார்கள். மாநிலத் துறைகளின் வருமானத்தில் ஒரு பகுதி தூண்டில் உரிமக் கட்டணம். இன்னொரு பகுதி, தூண்டில் சாமான்கள் மீது 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் மத்திய வரியில் கிடைக்கும் பங்கு. தூண்டில்காரரின் குறை அந்த அலுவலகங்களுக்கு எட்டாமல் போக வாய்ப்பு குறைவு. அதனால் வளைகுடாவில் 'எங்களுக்கு இடம் போதவில்லை' என்று வணிக மீனவர்களும் முறையிடுகிறார்கள். அலாஸ்கா பக்கம் கதை வேறு. அங்கே பொல்லாக் மீனை அள்ளும் பெரிய தொழில் கப்பல்களின் கை ஓங்கியிருக்கிறது. எட்டுக் கவுன்சிலுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

நம்பிக்கை 2: அது வெறும் ஆலோசனைக் குழு, யார் உட்கார்ந்தால் என்ன?

உண்மை: காகிதத்தில் கவுன்சில் பரிந்துரைதான் செய்கிறது. ஆனால் அது அனுப்பும் திட்டத்தை அமைச்சர் ஏற்கலாம், நிராகரிக்கலாம், ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம். தன் விருப்பத்துக்குத் திருத்தி எழுத முடியாது. திட்டத்தின் வாசகத்தை எழுதும் கை கவுன்சிலுடையது. சாதாரண ஆலோசனைக் குழுக்களுக்கு இல்லாத பலம் இது.

அந்தக் கைக்கும் ஒரு கடிவாளம் உண்டு. 2006 இறுதியில் காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, கவுன்சிலின் அறிவியல் குழு பரிந்துரைக்கும் அளவுக்கு மேல் பிடிக்கும்படி கவுன்சில் வரம்பு வைக்க முடியாது. ஆக, வாக்கு யாருக்கு என்பது மொத்த மீன் எவ்வளவு என்பதை மாற்றாது. அதை எப்படிப் பிரிப்பது, எந்த நாட்களில் பிடிப்பது, எந்த அளவு மீனை வைத்துக்கொள்வது என்பவற்றை மாற்றும். இவற்றுக்கும் கீழே, வாக்கு இல்லாமல் யோசனை மட்டும் சொல்லும் ஆலோசனைக் குழுக்கள் தனியாக இருக்கின்றன. அந்தக் குழுவில் இடம் பெறுவதும் கவுன்சிலில் இடம் பெறுவதும் ஒன்றல்ல.

நம்பிக்கை 3: தூண்டிலில் மாட்டுவது ஒன்றிரண்டு மீன், அதற்கு எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு?

உண்மை: 2004-இல் ஃபெலிசியா கோல்மனும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கடல்மீன் பிடிப்பு முழுவதையும் எடுத்தால் பொழுதுபோக்கின் பங்கு வெறும் 4 சதவீதம். ஆனால் நிலை கவலைக்கிடமான மீன் இனங்களை மட்டும் எடுத்தால் அது 23 சதவீதம். மெக்சிகோ வளைகுடாவில் அத்தகைய இனங்களில் 64 சதவீதம். முதல் எண்ணைத் தூண்டில்காரர் மேற்கோள் காட்டுவார், கடைசி எண்ணை வணிக மீனவர் காட்டுவார். இரண்டும் ஒரே ஆய்வில் உள்ளவை.

'பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறோமே' என்பதும் முழு விடை அல்ல. ரெட் ஸ்னாப்பர் ஆழத்தில் வாழும் மீன். அதை வேகமாக மேலே இழுக்கும்போது உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிப் பெருக்கிறது. வயிறு வாய் வழியே பிதுங்குகிறது. அப்படியே விட்டால் அதனால் முங்க முடியாது. மிதந்துகொண்டே சாகும், அல்லது டால்ஃபினுக்கு இரையாகும். அதனால்தான் வளைகுடாவில் இவ்வகை மீனுக்குப் போகும் படகில், காற்றை வெளியேற்றும் ஊசியோ மீனை ஆழத்துக்கு இறக்கிவிடும் எடைக்கருவியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. விட்ட மீனும் கணக்கில் வருகிறது என்றால், விட்டவருக்கும் கவுன்சிலில் பொறுப்பு வருகிறது.

நம்பிக்கை 4: நாங்கள் பல லட்சம் பேர், அவர்கள் சில நூறு படகுகள், தலை எண்ணி நாற்காலி கொடுங்கள்.

உண்மை: சட்டம் கேட்பது சமநிலை, மக்கள்தொகை விகிதம் அல்ல. அதற்குக் காரணமும் உண்டு. கடலில் இருக்கும் மீன் பொதுச் சொத்து. கடலையே பார்க்காமல் கான்சஸில் உட்கார்ந்து உணவகத்தில் ரெட் ஸ்னாப்பர் சாப்பிடுபவருக்கும் அதில் பங்கு உண்டு. அவருக்குக் கவுன்சிலில் தனி நாற்காலி கிடையாது. அவர் தட்டுக்கு மீன் கொண்டுவருவது வணிகப் படகுதான். தலை எண்ணுவது என்று தொடங்கினால் அவரையும் எண்ண வேண்டியிருக்கும். அப்போது தூண்டில்காரரே சிறுபான்மை.

தலை எண்ணாமல் விடுவதிலும் அநியாயம் நேரலாம் என்பதை ஐரோப்பா காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்வள ஆலோசனைக் கவுன்சில்களில் 60 சதவீத இடங்கள் மீன்பிடி, பதப்படுத்தல், விற்பனைத் தொழில்களுக்கு. மீதி 40 சதவீதம் 'பிற நலன்களுக்கு'. தூண்டில்காரர் இந்தப் 'பிற'வில் சேர்கிறார். அங்கே அவர் சுற்றுச்சூழல் அமைப்புகளோடும் நுகர்வோர் அமைப்புகளோடும் இடத்துக்குப் போட்டி போட வேண்டும். தானும் மீன் பிடிப்பவன் என்ற அடையாளமே அந்த ஏற்பாட்டில் கரைந்துவிடுகிறது. அந்த அளவில் பார்த்தால், பொழுதுபோக்கு மீன்பிடியைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் வைத்திருக்கும் அமெரிக்கா ஒரு படி மேல்.

நம்பிக்கை 5: தூண்டில்காரர் எல்லாரும் ஒரே கட்சி, ஒருவர் உட்கார்ந்தால் எல்லாருக்கும் பேசுவார்.

உண்மை: படகு வைத்திருப்பவர் ஒருவர். படகு இல்லாததால் வாடகைப் படகில் பணம் கட்டிப் போகிறவர் இன்னொருவர். அந்த வாடகைப் படகின் கேப்டன் மூன்றாமவர். தூண்டில் பிடிப்பது அவருடைய வாடிக்கையாளர், ஆனால் அவருக்கு அது தொழில். அரசுக் கணக்கில் மூவரும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரே பெட்டியில்.

அந்தப் பெட்டி உடைந்தது வாடகைப் படகுக்காரர்கள் தனிப் பங்கு கேட்டபோது. 2015-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ரெட் ஸ்னாப்பருக்கான பொழுதுபோக்குக் கோட்டாவை இரண்டாகப் பிரித்தது: சொந்தப் படகுகளுக்கு 57.7 சதவீதம், வாடகைப் படகுகளுக்கு 42.3. தூண்டில்காரர் அமைப்பான கோஸ்டல் கன்சர்வேஷன் அசோசியேஷன் நீதிமன்றம் போனது. 2017-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அதே ஆண்டு மத்திய அரசின் கடற்பகுதியில் வாடகைப் படகுகளுக்குக் கிடைத்தது 49 நாள், சொந்தப் படகுகளுக்கு முதலில் அறிவித்தது 3 நாள். ஒரே நாற்காலியில் இந்த இருவருக்காகவும் ஒருவர் எப்படிப் பேசுவார்?

நலன் முரண் விதியும் இங்கே பாதிதான் உதவும். ஒரு மீன்பிடியின் மொத்தப் பிடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் பண ஆதாயம் உள்ள நியமன உறுப்பினர், அதைப் பெரிதும் பாதிக்கும் முடிவில் வாக்களிக்கக்கூடாது. பெரிய கம்பெனியை இது பிடிக்கும். தன் வார இறுதியைக் காக்க வாக்களிப்பவரைப் பிடிக்காது. அது பண ஆதாயம் அல்ல.

நம்பிக்கை 6: நாற்காலி கூடினால் பிடிக்கும் நாளும் கூடும்.

உண்மை: நாள் குறைந்தது நாற்காலிக் குறைவால் அல்ல. பல ஆண்டுகள் தூண்டில்காரரின் ரெட் ஸ்னாப்பர் பிடிப்பு ஒதுக்கீட்டைத் தாண்டியது. தடுக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்று வணிக மீனவர்கள் தொடுத்த வழக்கில் 2014-இல் அரசு தோற்றது. மீறல் நேராமலிருக்க ஒதுக்கீட்டில் 20 சதவீதத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஆண்டு மத்தியக் கடற்பகுதியில் பருவம் 9 நாள். மாநிலங்களோ தங்கள் கரையோரக் கடலை நீண்ட நாள் திறந்து வைத்தன. அங்கே பிடிபட்டதும் அதே கோட்டாவில் கழிந்ததால் 2017-இல் சொந்தப் படகுகளுக்கு அது 3 நாளாகச் சுருங்கியது. பிறகு வர்த்தகத் துறை மாநிலங்களோடு பேசி 39 நாள் சேர்த்தது. அதனால் வரம்பு மீறப்படும், மீனின் மீட்சி தாமதமாகும் என்று அந்த அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. கவுன்சிலுக்கு வெளியே கிடைத்த சலுகை அது. அதற்கும் வழக்கு வந்தது.

பிரச்சினையின் வேர் பிடிப்பைக் கணக்கெடுப்பதில் இருக்கிறது. 2007 முதல் தனிநபர் கோட்டா உள்ள வணிகப் படகு, கரை சேர மூன்று மணி நேரம் முன்பாவது தகவல் சொல்ல வேண்டும். மீன் அனுமதி பெற்ற வியாபாரியிடம் எடை போடப்படும். பொழுதுபோக்குப் பிடிப்பை மத்திய அரசு அறிவது, படகுத்துறையில் நிற்பவர் எடுக்கும் பேட்டியாலும், 'எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள்' என்று வீட்டுக்கு வரும் தபால் படிவத்தாலும். அந்தப் படிவத்தில் கேள்விகளின் வரிசை காரணமாகவே விடை 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாக வந்திருக்கலாம் என்று 2023-இல் மத்திய மீன்வளத் துறையே தன் சோதனை ஆய்வில் சொன்னது.

மிசிசிப்பி 2015-இல் வேறு வழி பிடித்தது. ரெட் ஸ்னாப்பருக்குப் போகுமுன் பயண எண் வாங்க வேண்டும். திரும்பியதும் பிடித்ததைப் பதிய வேண்டும். பழைய பயணத்தை முடித்துப் பதியாதவருக்கு அடுத்த எண் கிடையாது. மற்ற வளைகுடா மாநிலங்களும் தத்தம் கணக்கு முறைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசின. 2020 முதல் சொந்தப் படகுகளுக்கான பருவத்தைத் தாங்களே வகுக்கும் உரிமை ஐந்து மாநிலங்களுக்கும் கிடைத்தது. கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மாநில எண்ணும் மத்திய எண்ணும் ஒத்துப்போகவில்லை. 2023-இல் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தபோது, மாநிலக் கணக்கில் பார்த்தால் அலபாமா, மிசிசிப்பி ஆகியவற்றின் மத்திய ஒதுக்கீட்டில் ஒவ்வொரு பவுண்டு மீனும் அரைப் பவுண்டுக்கும் குறைவாக மதிப்பிடப்பட்டது. அப்போது அவர்கள் வாதாட முடிந்ததும் கையில் சொந்த எண் இருந்ததால்தான்.

நியமனப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் தலைகளை எண்ணுகின்றன. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. தூண்டில்காரர் பெயரில் வருபவர் எந்தத் தூண்டில்காரருக்காகப் பேசுகிறார்? தன் தரப்பின் பிடிப்பைப் படகு படகாகப் பதிவு செய்யச் சம்மதிப்பாரா? அறிவியல் குழுவின் வரம்பு தன் ஆட்களைச் சுடும் ஆண்டிலும் அதற்கு வாக்களிப்பாரா? இவற்றுக்கு நேரான விடை தராத ஐந்து பேரைவிட, தருகிற ஒருவர் தூண்டில்காரருக்கு அதிகம் சம்பாதித்துத் தருவார். நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிட்டது. பிடிப்புக் கணக்கைத் தூண்டில்காரர்தான் கொடுக்க வேண்டும்.