நீல முட்டையின் மரபுக் கணக்கு

நம் விடுதித் தோட்டக்காரர் சென்ற ஆண்டு ஒரு சேவல் வாங்கினார். சாம்பல் கலந்த நீல இறகு; கன்னத்தில் தாடி போன்ற தூவி; தலையில் தாழ்ந்த பட்டாணிக் கொண்டை. “இதன் குலத்துக் கோழிகள் நீல முட்டை இடும், ஒவ்வொன்றும் நல்ல விலைக்குப் போகும்” என்றானாம் விற்றவன். ஜோடியாக வாங்கப் பணம் இல்லை. வீட்டில் நாட்டுக் கோழிகள் இருக்கின்றனவே, சேவல் மட்டும் போதுமா என்று அவர் என்னைக் கேட்டார். நானோ உயிரியல் முதுகலை மாணவன்! “நீல முட்டை ஓங்கு தன்மை உடையது, பிறக்கும் பெட்டைகள் எல்லாம் நீல முட்டையே இடும்” என்று சற்றும் தயங்காமல் சொல்லிவிட்டேன். அவரும் ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார்.

எட்டுப் பெட்டைகள் வளர்ந்தன. ஆறு மாதம் கழித்து மூன்று கோழிகள் பச்சை கலந்த நீல முட்டை இட்டன. ஐந்து கோழிகள் தாயைப் போலவே வெளிர்பழுப்பு முட்டை இட்டன. “பாபு, சேவல் பொய்யா, உங்கள் படிப்பு பொய்யா?” என்று அவர் இந்தியில் கேட்டார். இரண்டும் பொய்யல்ல, நான் கேட்டறிய வேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டதே பிழை. அக்கேள்வி யாது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

சிலி நாட்டுச் செல்வம்

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் தென்பகுதியில் மபுச்சே என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நீல முட்டைக் கோழிகள் அவர்கள் முற்றங்களில் நெடுங்காலமாக மேய்ந்தவை. அங்கே வால் இல்லாமல் நீல முட்டை இடும் வகை ஒன்றும், காதருகே இறகுக் குஞ்சம் உடைய வகை ஒன்றும் இருந்தன. ரூபன் புஸ்தோஸ் என்ற சிலி நாட்டவர் இவ்விரண்டையும் இணைத்து வளர்த்தார். அவ்வினத்தைக் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் சால்வதோர் காஸ்தெயோ, 1921-ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் அதனை அறிவித்தார். உலகம் அதனை அரவுகானா என்று அழைத்தது. பின்னர் அமெரிக்காவில் வாலும் தாடியும் உடைய அமெரவுகானா இனம் உருவாயிற்று. இவ்வினங்களோடு பிற கோழிகள் கலந்த கலப்புகள் பல. அவற்றையும் வணிகர் சிலர் அதே பெயரிட்டு விற்பர்.

நீலம் ஓங்கு தன்மை உடையது என்று கணக்கிட்டுக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரெஜினால்டு பன்னெட். மரபியல் பாடத்தில் நாம் கட்டம் போட்டுக் கணக்கிடுகிறோமே, அந்தக் கட்டத்திற்கு உரியவரும் அவரே. செடி தேடிச் சிலி சென்ற கிளாரன்ஸ் எலியட் என்பவர் கொணர்ந்த கோழிகளை ஆராய்ந்து, 1933-இல் முடிவை வெளியிட்டார். அவற்றின் வழியிலேயே ‘கிரீம் லெக்பார்’ என்னும் நீல முட்டை இனமும் கேம்பிரிட்ஜில் தோன்றிற்று.

ஓட்டில் நீலம் ஏறும் விதம்

முட்டையின் ஓடு கோழியின் கருப்பையில் ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் உருவாகிறது. பழுப்பு நிறப்பொருள் பெரும்பாலும் கடைசியில், மேற்புறத்தில் பூசப்படுவது. நீலமோ அவ்வாறன்று. பிலிவெர்டின் என்னும் பித்த நிறப்பொருள் ஓடு முழுவதிலும் ஊறி நிற்கும். உடைத்துப் பார்த்தால் உட்புறமும் நீலமே. நமக்கு அடிபட்ட இடம் சில நாளில் பச்சை நிறம் காட்டுவதும் இதே பொருளால்தான். நீல ஓட்டின்மேல் பழுப்பு படிந்தால் முட்டை பச்சையாகத் தோன்றும். தோட்டக்காரரின் முட்டைகள் பச்சை கலந்திருந்தது இதனாலேயே: தந்தையின் நீலத்தின்மேல் தாயின் பழுப்பு படிந்தது.

இந்நீலத்தின் மூலகாரணம் 2013-இல் வெளிப்பட்டது. பண்டைக்காலத்தில் ஒரு வைரஸ் தன் மரபுப் பொருளைக் கோழியின் முதலாம் குரோமோசோமில் நுழைத்துவிட்டது. அதன் அருகில் உள்ள மரபணு ஒன்று இயல்பாகக் கல்லீரலில் வேலை செய்வது. இந்நுழைவால் அது கருப்பையிலும் விழித்துக்கொண்டது. சீனத்திலும் நீல முட்டைக் கோழிகள் உண்டு. அங்கே அதே வகை வைரஸ் சற்றே வேறான இடத்தில் தனியாக நுழைந்திருக்கிறது. ஒரே விந்தை இரு நாடுகளில் இருமுறை நிகழ்ந்தது!

நான் கேளாத கேள்வி

ஒவ்வொரு கோழியும் இக்காரணியைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறது. இரண்டும் நீலமாயின் தூய நிலை. ஒன்று மட்டும் நீலமாயின் கலப்பு நிலை. இரு நிலையிலும் கோழி நீல முட்டையே இடும். சேவலோ முட்டையே இடுவதில்லை. அதன் உள்ளிருப்பது எவ்வாறு தெரியும்?

தூய சேவலை நாட்டுக் கோழியோடு சேர்த்தால் மகள்கள் யாவும் நீலம். கலப்புச் சேவலாயின் பாதி நீலம், பாதி பழுப்பு. எட்டில் மூன்று என்பது பாதிக்கு அருகில்தானே? ஆகவே தோட்டக்காரரின் சேவல் கலப்பு நிலையில் உள்ளது. “இச்சேவலின் மகள்கள் என்ன முட்டை இட்டன?” என்பதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு மகள் பழுப்பு முட்டை இட்டாலும் சேவல் தூயதன்று. ஐந்து மகள்களும் நீலம் இட்டால், கலப்புச் சேவலுக்கு அது தற்செயலாக வாய்ப்பது 32-இல் ஒரு முறை. ஏழு மகள்களாயின் 128-இல் ஒரு முறை. இன்று ஓர் இறகைக் கொண்டே மரபணுச் சோதனை செய்யவும் வழி உண்டு.

கொண்டையைப் பார்த்துச் சொல்ல முடியாதா எனலாம். பட்டாணிக் கொண்டையின் காரணி நீலக் காரணிக்கு மிக அருகில், அதே குரோமோசோமில் உள்ளது. ஆதலின் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே செல்லும். ஆனால் சில வேளை பிரிந்தும் விடும். கிரீம் லெக்பாருக்கு ஒற்றைக் கொண்டை, முட்டையோ நீலம். நம் நாட்டு அசீல் சேவலுக்குப் பட்டாணிக் கொண்டை; அதன் குலத்தில் நீல முட்டை இல்லை. கொண்டை ஒரு குறிப்பேயன்றிச் சான்றாகாது.

இறகு நீலம் வேறு

இறகின் நீலத்திற்கும் முட்டையின் நீலத்திற்கும் உறவு இல்லை. நீல இறகு, கறுப்புக்கும் வெளிறிய புள்ளி நிறத்திற்கும் இடைப்பட்ட கலப்பு நிலை. நீல இறகுச் சேவலையும் நீல இறகுக் கோழியையும் சேர்த்தால் குஞ்சுகளில் கால்பங்கு கறுப்பு, பாதி நீலம், கால்பங்கு புள்ளி. எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் அந்த நீலம் தூய நிலை அடையாது. முட்டை நீலமோ பொறுமையாகப் பொறுக்கினால் தூயதாகும். அழகிய இறகுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் இதனை அறிந்து கொடுப்பது நலம்.

அரிய அடையாளத்திற்கு மற்றொரு விலையும் உண்டு. அரவுகானாவின் காதுக் குஞ்சக் காரணியை இரு பெற்றோரிடமிருந்தும் பெறும் குஞ்சு பிழைப்பதில்லை. பொரிக்கும் நாளுக்குச் சற்று முன்னர் ஓட்டுக்குள்ளேயே மடியும். குஞ்சமுள்ள இரண்டைச் சேர்த்தால் கருக்களில் கால்பங்கு இவ்வாறு அழியும். குஞ்சமுள்ளதைக் குஞ்சமில்லாததோடு சேர்த்தால் இரட்டைக் காரணியால் வரும் இச்சாவு இல்லை. குஞ்சுகளில் பாதி குஞ்சத்தோடு பிறக்கவும் கூடும். கணக்கு அறியாதவன் ஆசைக்கு உயிர்கள் பலியாகின்றன.

இனி என்ன?

தோட்டக்காரரின் பணம் முற்றும் வீணாகவில்லை. நீல முட்டை இட்ட மூன்று மகள்களையும், நெருங்கிய உறவு என்ற குறை இருப்பினும் ஒரு முறை மட்டும், தந்தைச் சேவலோடு சேர்த்தோம். பிறக்கும் குஞ்சுகளில் கால்பங்கு தூய நீலமாக இருக்கும் என்பது கணக்கு. அவற்றுள் எந்தச் சேவல் தூயது என்பதை அவற்றின் மகள்களே சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகும். சேவல்களின் காலில் வண்ண வளையம் மாட்டியிருக்கிறோம். எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று அவர் பென்சிலால் குறிக்கிறார். நான் குறிப்பேட்டில் பதிகிறேன்.

தேர்வுத்தாளில் இக்கணக்கை நான் பலமுறை பிழையின்றிப் போட்டிருக்கிறேன். ஆனால் பிறர் பணத்திற்குப் பதில் சொல்ல வேண்டிய நாளில், சேவலின் தோற்றத்தையும் விற்றவன் சொல்லையும் நம்பி, கணக்கை மறந்தேன். நண்பர்களே, நாம் படித்தவர்கள் என்று நம்பி எளியவர் ஒருவர் யோசனை கேட்கும்போது, விடை சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்போமாக.