வானத்து வலவர் இருவர்: படைப்பணியும் பயணிகள் பணியும்

முன்னுரை

தேர் செலுத்துவோனை ‘வலவன்’ என்றது சங்கத் தமிழ். செலுத்துவோன் வேண்டாத வான ஊர்தியொன்றைப் புறநானூற்றின் 27ஆம் பாடல் கற்பனை செய்தது. கலம் செலுத்துவோனைக் குறிக்கும் ‘மாலுமி’ என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. கடல் வாணிகத்தால் பெயர்பெற்ற பரங்கிப்பேட்டைக்கு அச்சொல் அயலானதன்று. அம்மரபில் வந்த கடலூர், சிதம்பரம் வட்டார மாணாக்கர் இன்று வானத்தை நோக்குகையில், ‘விமானப்படையா, பயணிகள் விமானமா?’ என்னும் வினா எழுகின்றது. இரண்டையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேரும் வழி

மேல்நிலைக் கல்வியில் இயற்பியலும் கணிதமும் கற்றோர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு வழியே விமானப்படையின் பறத்தல் பிரிவை நாடலாம். பட்டம் பெற்றோர்க்கும் தனித் தேர்வுகள் உள. விமானம் ஓட்டும் இயல்திறனைக் கணிக்கும் கணினிவழிச் சோதனையில் தவறியோர்க்கு மறுவாய்ப்பு இல்லை. தேர்ந்தோர்க்குப் பயிற்சிச் செலவு முழுவதும் அரசைச் சார்ந்தது.

பயணிகள் விமானத்துறையில் படைக்குரியது போன்ற ஒரே பொதுத் தேர்வு இல்லை. செலவும் பெரும்பாலும் குடும்பத்தைச் சார்ந்தது. வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருத்தலும், 200 மணி நேரம் பறத்தலும், எழுத்துத் தேர்வுகளில் தேறுதலும் வேண்டும். பல இலட்சம் ரூபாய் செலவாகும் இவ்வுரிமம் வேலைக்கான உறுதி அன்று. ஆகவே, நிலத்தையோ நகையையோ அடகு வைக்குமுன், விமானத்துறை ஏற்பளித்த மருத்துவரிடம் கண் முதலிய உடற்சோதனைகளை முடித்துக்கொள்வதே அறிவுடைமை. இதனைப் பெற்றோர் மறவாதிருத்தல் நன்று.

பணியின் இயல்பு

படைவலவர் வீரர், மற்றவர் ஊதியத்துக்கு உழைப்பவர் என்று கருதுவது பிழை. 2015 டிசம்பர் பெருமழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுதளம் நீரில் மூழ்க, பயணிகள் விமானங்கள் நின்றன. அந்நாட்களில் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டன. மழை ஒன்றே; கடமை இரண்டு. இடரை முன்னறிந்து விலகுதல் பயணிகள் விமானியின் அறம். ஆணை பெற்று இடருக்குள் புகுதல் படைவலவரின் அறம். முன்னவர் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கலாகாது என விதி தடுப்பதும் பயணியரின் உயிர் கருதியே.

கால எல்லை

பயணிகள் விமானி 65 வயது வரை பணியாற்றலாம். குறுகிய காலப் பணியில் சேரும் படைவலவர் 14 ஆண்டுகளில் விடைபெற்று, உரிய உரிமத் தேர்வுகளை முடித்துப் பயணிகள் விமானத்துக்கு வரலாம். எனவே இவை ஒன்றையொன்று விலக்கும் துறைகள் அல்ல.

முடிவுரை

ஐதராபாத்தில் பிறந்த இத்ரீஸ் ஹசன் லத்தீப் 1978இல் விமானப்படைத் தலைமைத் தளபதியானார். 2016இல் மூன்று பெண்கள் போர்விமானப் பிரிவில் சேர்ந்தனர். வாயில் எவர்க்கும் திறந்தே உளது. இராமேசுவரத்து ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக நின்று வாய்ப்பிழந்தார். அவரே குடியரசுத் தலைவராக 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய் போர்விமானத்தில் பறந்தார். மாணாக்கர் தம் உடல், பொருள், உள்ளம் மூன்றையும் எடைபோட்டு வழியைத் தேர்க. ஒரு வாயில் அடைபட்டால் கல்வி மற்றொன்றைத் திறக்கும்.