மெம்பிரேன் மாற்றப் போகும் தம்பி தங்கைகளுக்கு

திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் புதிதாகச் சேர்ந்து, வந்த வேகத்தில் “ஆர்.ஓ.வை மேம்படுத்தணும், நீங்க பாருங்க” என்று சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும். அங்கே உப்பும் சாயமும் இவ்வளவு இருக்காது, அவ்வளவுதான்.

1. புது மெம்பிரேனுக்கு விலை கேட்பதற்கு முன், பழையது எதனால் செத்தது என்று பாருங்கள். கழற்றும்போதே எந்த வெசல், எத்தனையாவது உருளை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். குவியலாகப் போட்டுவிட்டால் பிறகு எந்த நிபுணர் வந்தாலும் சொல்ல முடியாது. தண்ணீர் நுழையும் பக்கத்து முதல் உருளை வழவழப்பாகி நாறினால் பாக்டீரியா. கடைசி உருளை புதியதைவிட நன்றாகக் கனத்து, சொரசொரவென்று இருந்தால் ஸ்கேல். எடைபோட ஒரு தராசு போதும். அடைப்பும் இல்லை, ஓ-ரிங்கும் சரியாக இருக்கிறது, ஆனாலும் உப்பு மட்டும் தாராளமாகத் தாண்டி வருகிறது என்றால் ஹைப்போ (குளோரின்) தின்றிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. காரணம் தெரியாமல் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

2. லாக் புக்கில் அளவுகளை எழுதுவது மட்டும் போதாது, 25 டிகிரிக்குத் திருத்திப் பார்க்கவும் வேண்டும். தண்ணீரின் சூடு ஒரு டிகிரி கூடினால் மெம்பிரேன் விடும் தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். நம் தண்ணீர் சாயத்தொட்டியிலிருந்து சூடாக வருகிறது. ஏப்ரலில் “பிளான்ட் அருமையாக ஓடுகிறது” என்பதும் டிசம்பரில் “மெம்பிரேன் போய்விட்டது” என்பதும் பாதி நேரம் வெப்பமானி பேசும் பேச்சு. திருத்திய கணக்கில் ஓட்டம் 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலோ, வெசலின் இரு முனைக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் கூடினாலோ அன்றே கழுவ ஏற்பாடு செய்யுங்கள். நம் கழிவில் காரக் கழுவல் முதலில், அமிலம் பிறகு. மாற்றிச் செய்தால் சாயமும் சேறும் அமிலத்தில் திரண்டு மெம்பிரேனோடு ஒட்டிக்கொள்ளும்.

3. மேம்படுத்த ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை ஆர்.ஓ.வுக்கு முன்னால் செலவிடுங்கள். இதை நிர்வாகம் விரும்பாது, புது உருளையைக் காட்டிப் படம் எடுக்கலாம், சல்லடையைக் காட்டி எடுக்க முடியாது என்பதால். பனியன் துணியிலிருந்து உதிரும் பஞ்சிழை நம் ஊருக்கே உரிய தொல்லை. எம்.பி.ஆர். (மெம்பிரேன் பயோரியாக்டர்) போடுவதானால், வெற்றிழை மெம்பிரேனுக்கு முன் 1 அல்லது 2 மில்லிமீட்டர் சல்லடை கட்டாயம், அதுவும் துளை வடிவில். நீளச் சந்து உள்ள சல்லடையில் நூல் நெட்டுக்குத்தாக நழுவிவிடும். உள்ளே போனதும் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகும், அதைக் கையால் பிரிக்கும்போதே மெம்பிரேன் இழைகள் அறும்.

அடுத்தது ஹைப்போ. அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பிரேன் பெரும்பாலும் பி.வி.டி.எஃப்.பால் ஆனது. ஹைப்போவில் கழுவினாலும் தாங்கும். ஆர்.ஓ.வின் பாலிஅமைடு தோல் தாங்காது. கழுவிய மிச்சம் ஃபீட் டேங்குக்குள் நழுவும் அந்தச் சில நிமிடங்கள்தான் கொள்ளை. ஹைப்போவை முறிக்கும் மெட்டாபைசல்ஃபைட் பம்ப் ஓடுகிறதா என்று கண்ணால் பார்ப்பது காவல் ஆகாது. ஹைப்போவைக் காட்டிக்கொடுக்கும் ஓ.ஆர்.பி. மீட்டர் வையுங்கள், அளவு ஏறினால் உயர் அழுத்த பம்ப் தானே நிற்கும்படி இணையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. சோதனை 15 நிமிட வேலை. 5-ஐத் தாண்டினால் ஆர்.ஓ.வுக்கு விடாதீர்கள், 3-க்குள் இருந்தால் நிம்மதி.

4. மீட்பு விகிதத்தின் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். நொய்யல் ஆறு கெட்டதும், 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியின் கீழ்தான் பிழைக்கிறோம். அதனால் ஆர்.ஓ. ஒதுக்கும் ரிஜெக்ட் முழுவதும் ஆவியாக்கிக்குப் போகிறது, செலவு அங்கேதான். நாளுக்கு 1000 கன மீட்டரில் 85 சதவீதம் மீட்டால் ரிஜெக்ட் 150. 90 ஆக்கினால் 100. ஐந்து சதவீதம் என்று மேலாளர் அலட்சியமாகச் சொல்வது ஆவியாக்கியின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ரிஜெக்டின் உப்புச் செறிவு ஃபீடைப் போல் ஏறக்குறைய 6.7 மடங்காக இருந்தது 10 மடங்காகும். சிலிக்காவும் கால்சியமும் அதே அளவில் ஏறும். கடினத்தன்மையை முன்பே எடுக்காமல் மீட்பை மட்டும் கூட்டினால் கடைசி உருளை கல்லாகும்.

5. விற்பனையாளர் சோதனை ஓட்டம் நடத்த வந்தால், கருப்பும் நேவி ப்ளூவும் ஓடும் நாட்களில் நடத்தச் சொல்லுங்கள். ஆழ்ந்த நிறத்துக்கு உப்பு அதிகம் போடுவார்கள். வெளிர் நிறம் ஓடும் வாரத்தில் எந்த மெம்பிரேனும் நன்றாகத்தான் தெரியும்.

6. “குறைந்த அழுத்த மெம்பிரேன், கரன்ட் பாதி மிச்சம்” என்பார்கள். பழைய பம்ப் ஒரே வேகத்தில் ஓடுவதானால், மிச்சமாகும் அழுத்தத்தை நீங்கள் வால்வைத் திருகித்தான் கொல்வீர்கள். கரன்ட் பில் பெரிதாக அசையாது. பம்பின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, இத்தகைய மெம்பிரேனில் முதல் இரண்டு உருளைகளே அதிகத் தண்ணீரை இழுத்துச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பின்னால் இருப்பவை சும்மா கிடக்கும். முதல் கட்டத்துக்குப் பெர்மியேட் பக்கம் எதிர் அழுத்தம் கொடுக்க வசதி இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

7. உருளையை ஃபீட் பக்கமிருந்து ஓட்டத்தின் திசையில் தள்ளுங்கள். பிரைன் சீலின் உதடு ஃபீடைப் பார்த்திருக்க வேண்டும். ஓ-ரிங்குக்குக் கிளிசரின் மட்டும். பட்டறையில் கிடக்கும் கிரீஸைத் தொடாதீர்கள். மூடியில் இடைவெளி இருந்தால் ஷிம் போடுங்கள்.

8. எம்.பி.ஆர். தொட்டியிலோ சேறு தங்கும் தொட்டியிலோ, ஒரு போல்ட்டை எடுக்கக்கூட, வாயு அளக்காமல் இறங்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஒருவர் விழுந்தால் அவசரப்பட்டு இறங்காதீர்கள், இரண்டாவதாகச் செத்தவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்கள். ஆளைத் தூக்கி எடுக்கும் முக்காலியும் கயிறும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேலையைத் தொடங்காதீர்கள், உத்தரவு யாருடையதாக இருந்தாலும் சரி.

9. புது உருளைகளைப் பதப்படுத்திய ரசாயனத்தோடு அனுப்புவார்கள். முதலில் குறைந்த அழுத்தத்தில் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு மெதுவாக அழுத்தத்தை ஏற்றுங்கள். முதல் ஒரு மணி நேரத்துப் பெர்மியேட்டைப் பட்டறைக்கு அனுப்பாமல் தொடக்கத் தொட்டிக்கே திருப்புங்கள். அந்தத் தண்ணீரில் சாயம் போட்டு நிறம் மாறினால் துணிக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். ஓட்டம் நிலைத்ததும், ஒவ்வொரு வெசலின் பெர்மியேட் டி.டி.எஸ்.ஸையும் தனித்தனியாக அளந்து புது லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.