கைக்கடிகாரம் கற்பிக்கும் பாடம்

நோய் வந்தபின் வருந்துவதைவிட, உடலின் போக்கை முன்னரே அறிந்திருத்தல் நன்று. ஆயினும் மாதந்தோறும் நிகழும் மாதவிடாயைப் பற்றி நம்மில் பலர் தாயிடம்கூடப் பேசத் தயங்குகிறோம். நாம் மட்டுமல்ல, மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதில் போதிய கவனம் செலுத்தவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1977-ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறை, கருவுறும் வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கச் சோதனைகளிலிருந்து விலக்கியது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாகாது என்பதே நோக்கம். நோக்கம் நல்லதே, ஆனால் பெண்ணுடலைப் பற்றிய அறிவு அதனால் குன்றியது. 1993-இல் அவ்விலக்கு நீங்கியது. அரசு நிதியில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டே பிறந்தது.

இன்று இவ்வாராய்ச்சிக்குத் துணையாக வந்திருப்பது கைக்கடிகாரம் என்றால் வியப்பாக இல்லையா?

கடிகாரம் அறிவது எப்படி?

சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்ட பின், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு மிகுதியாகிறது. அதனால் உடல் வெப்பம் சுமார் அரை டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. இதயத் துடிப்பும் சற்றே கூடுகிறது. முற்காலத்தில் இதனை அறியக் காலையில் எழுந்தவுடன் வெப்பமானியை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது மணிக்கட்டில் அணியும் சில கடிகாரங்களும், விரலில் அணியும் சில மோதிரங்களும், நாம் உறங்கும்போதே தோலின் வெப்பத்தை அளந்து குறித்துக்கொள்கின்றன. வெப்பம் உயர்வது முட்டை வெளிப்பட்ட பின்னரே. ஆகவே கடிகாரம் முக்கியமாகச் சொல்வது நடந்து முடிந்ததைத்தான்.

ஒரு பெரிய ஆய்வு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரியும், அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் உடல்நல அறிவியல் நிறுவனமும், ஆப்பிள் நிறுவனமும் இணைந்து 2019 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கின. பெண்கள் விரும்பிச் சேர்ந்து, மாதவிடாய் நாட்களைத் தொலைபேசியில் தாமே குறித்தனர். கடிகாரம் உடையோர் அதன் அளவுகளையும் தந்தனர். இவ்வாய்விலிருந்து 2023-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 12,608 பெண்களின் 1,65,668 சுழற்சிகளை ஆராய்ந்தது. இருபது வயதுக்குட்பட்டோரின் சுழற்சி, 35 முதல் 39 வயதினரைவிடச் சராசரியாக 1.6 நாள் நீண்டிருந்தது. மாதத்திற்கு மாதம் வேறுபாடும் அதிகம். எல்லோருக்கும் 28 நாள்தான் என்ற எண்ணம் சரியன்று என்பது இதனால் தெளிவாகிறது.

குறைகளும் உண்டு

இவ்வாய்வில் சேர்ந்தோர் அமெரிக்காவில் வாழும் ஐபோன் உடையவர்கள் மட்டுமே. விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத ஏழைப் பெண்ணின் உடல் இக்கணக்கில் வரவில்லை. இன்னொன்று அந்தரங்கம். மாதவிடாய் குறிக்கும் செயலி ஒன்றை நடத்திய நிறுவனம் பெண்களின் தகவல்களைப் பிறருக்குத் தந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. ஒப்புதலின்றி அவ்வாறு தரலாகாது என்று 2021-இல் ஆணையும் பிறப்பித்தது. தாயிடம் சொல்லத் தயங்குவதை முகமறியாத நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன் சிந்திக்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

தோழியரே! நமக்குக் கடிகாரம் தேவையில்லை. ஒரு நாட்குறிப்பும் பென்சிலும் போதும். தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் குறித்து வாருங்கள். நம் வயதில் 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை வருவது இயல்பே. ஏழு நாட்களுக்குமேல் உதிரப்போக்கு நீடித்தாலோ, தொண்ணூறு நாட்கள் வராதிருந்தாலோ, வலியால் பள்ளிக்கு வர இயலாமற் போனாலோ, மறைக்காமல் அன்னையிடம் கூறி மருத்துவரை நாடுங்கள். பெற்றோரும் மகள் தயக்கமின்றிப் பேச இடந்தர வேண்டும். வெட்கத்தால் மறைத்த நோய் வளரும்; வெளியே சொன்ன நோய்க்கு மருந்து உண்டு.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு