‘கேஸ் கம்மியா இருக்கு சார்!’

பிப்ரவரியில் கூப்பிட்டால் ஏசி மெக்கானிக் அன்று மாலையே வந்துவிடுவார். ஏப்ரலில் நாலு நாள் ஆகும். வந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். ஏசி பற்றிய நம் நம்பிக்கைகளில் பாதி அந்த அவசரத்தில் பிறந்தவை. மீதி, பக்கத்து வீட்டில் கேட்டவை.

எதைச் சரிபார்ப்பதற்கு முன்பும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது, கிணற்று மோட்டார் தண்ணீரை இறைப்பது மாதிரி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் அந்தக் கிணற்றின் ஆழம். ஆழம் கூடினால் கரண்ட்டும் கூடும்.

நம்பிக்கை: வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும்

தேவையில்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்ட அதே வாயுதான் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓடினால் தீர்ந்துபோகும் பொருள் அல்ல அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் நிரப்பினால், கொடுத்த பணம் அடுத்த கோடைக்குள் காற்றில் போய்விடும். ஒழுகிய வாயு புவி வெப்பத்தையும் சேர்த்து ஏற்றும்: இப்போது பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு ஒரு கிலோ வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

எனவே ‘கேஸ் கம்மி’ என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, ‘லீக் எங்கே?’ அவுட்டோர் யூனிட்டில் குழாய் சேரும் நட்டுகளைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் சந்தேகம் அங்கேதான். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மெல்லிய குழாயில் பனி பிடித்திருப்பதும் ஓர் அடையாளம். ஆனால் அழுக்கேறிய ஃபில்டராலும் பனி பிடிக்கும் என்பதால், அதை முதலில் கழுவிவிட்டுப் பாருங்கள். லீக்கை அடைத்தபின் வேக்யூம் போட்டு, எடை பார்த்து நிரப்புவதே முறையான வேலை. எத்தனை கிலோ என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். தராசு இல்லாமல், குழாயைத் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்பவரிடம் கொஞ்சம் கறாராக இருப்பதில் தப்பில்லை. ஆர்-32 எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடிய வாயு.

நம்பிக்கை: 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும்

சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு இரண்டே நிலை: முழு ஓட்டம், நிறுத்தம். அறை 33-லிருந்து 24-க்கு இறங்க ஆகும் நேரம், ரிமோட்டில் 24 இருந்தாலும் 16 இருந்தாலும் ஒன்றுதான். இன்வெர்ட்டர் ஏசியும் அறை கொதிக்கும்போது எப்படியும் வேகமாகத்தான் ஓடும். 16-இல் வைத்துவிட்டு மாற்ற மறந்து தூங்கி, நடுநிசியில் போர்வையைத் தேடுவதுதான் மிச்சம்.

ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 26-இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் 1,500 வாட்டை ஒட்டி இழுக்கும். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சம். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் தோலைத்தான். ஆளில்லாத அறையில் அது சுற்றினால் வீண்.

நம்பிக்கை: ஏசியிலிருந்து இவ்வளவு தண்ணீர் வந்தால் கோளாறு

வெளிக்குழாயில் வந்தால் கோளாறே இல்லை. ஈரத்தை எடுப்பதுதான் ஏசியின் ஆதி வேலை: 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவி, தாளைக் கெடுத்த ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஆளைக் குளிர்விப்பது பிறகு வந்த வேலை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவதற்கே போகிறது. கணக்குப் போட்டால், டிரெயின் குழாய்க்கு அடியில் வைத்த வாளியில் 5 லிட்டர் சேர்ந்தால், அந்தத் தண்ணீருக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகியிருக்கும். ஈரத்துணியை ஏசி அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஏர் கூலர் சென்னையில் ஏமாற்றுவதும் இதனால்தான். தண்ணீர் ஆவியானால்தான் அது குளிரும். ஏற்கெனவே ஈரமான காற்றில் எவ்வளவு ஆவியாகும்? வறண்ட காற்றடிக்கும் உள்மாவட்டங்களில், ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் அது நல்ல சாமான். ஜன்னலைச் சாத்திவிட்டால் அங்கேயும் புழுக்கம்தான்.

நம்பிக்கை: 5 ஸ்டார் வாங்கியாச்சு, இனி கவலையில்லை

எந்த வருஷத்து 5 ஸ்டார்? 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது பழைய 5 ஸ்டார் பெரும்பாலும் 4 ஸ்டாராக இறங்கியது. முத்திரையில் ஆண்டும் இருக்கும். கடைக்காரர் அதைச் சுட்டிக்காட்டப் போவதில்லை. ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேரக் கணக்கு. தினம் 8 மணி நேரம், 300 நாள் ஓட்டும் வீட்டுக்கு அது 2,400 மணி. அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான் கூடுதல் ஸ்டாருக்குக் கொடுத்த விலை சீக்கிரம் திரும்பி வரும். வருஷத்தில் இரண்டு மாதம் ஓட்டுகிறவருக்கு 3 ஸ்டாரே போதும் என்பது என் கட்சி.

நம்பிக்கை: எல்லாம் ஏசி கையில்தான்

மாடி வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை, ராத்திரி பத்து மணிக்கும் வெப்பத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். இறைக்க இறைக்க ஊறினால் மோட்டார் என்ன செய்யும்? மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ மூங்கில் திரையோ தொங்கவிடுவது, இவை ஏசிக்குச் செய்யும் சர்வீஸைவிடக் குறைந்தவை அல்ல. திரை உள்ளே இருந்தால் பலன் பாதிதான்; வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறதே.

வெளியே கொட்டிய வெப்பம் விலகிப் போகவும் வழி வேண்டும். திருட்டுக்குப் பயந்து அவுட்டோர் யூனிட்டைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்தால், அது தன் சூட்டையே மறுபடி இழுக்கும்.

நம்பிக்கை: ஏசியை ஓடவிட்டே வெளியே போனால் மிச்சம்

இல்லை. இரண்டு மணி நேரம் ஆளில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: நூறு யூனிட் கூடினால் நூறு யூனிட்டுக்குத்தானே காசு

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 2022 கட்டணத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய். தாண்டியவருக்கு அதே யூனிட்டுகள் 4.50 ரூபாய். அதாவது 501-ஆவது யூனிட் தன் விலையோடு 225 ரூபாயையும் கூட்டிக்கொண்டு வந்தது. ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் மீட்டரை நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டால், மீதி நாட்களில் எவ்வளவு கை இழுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை: ஏசித் தண்ணீர் சுத்தம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம்

ஆவியிலிருந்து வந்தது என்றாலும், அது தூசி படிந்த காயிலில் வழிந்து, பாசி பிடித்த டிரெயின் குழாய் வழியாக வருகிறது. செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள்.