வம்சாவளி தேடித் தருவதும் ஒரு கரியர்தான்

2024 மார்ச்சில் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறைக்கும் ஓசிஐ கார்டு. பூர்வீகம் தேடுவது இனி வெறும் ஆசை இல்லை, பேப்பர் வேண்டிய வேலை. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போன கப்பல்களின் பட்டியலிலும் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. அதில் 'திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று கண்டவர் அடுத்து யாரைக் கூப்பிடுவார்? சென்னை ஏஜென்சி போனை எடுப்பதற்கு முன் நீங்கள் எடுக்க வேண்டும். ஹிஸ்டரியோ லைப்ரரி சயின்ஸோ படித்துவிட்டு ராஜபாளையத்தில் சும்மா இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

1. மாவட்ட வரலாற்றை மனப்பாடம் செய்யுங்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி, பிறகு ராமநாதபுரம், 1985 முதல் விருதுநகர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்த ஜில்லா கட்டைக் கேட்பது என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். 1917-ல் வந்த பேட்டின் திருநெல்வேலி கெசட்டியரைப் புரட்டி ஏமாறாதீர்கள். அதற்குள் நம் தாலுகா கைமாறிவிட்டது. 1879-ல் வந்த ஸ்டூவர்ட்டின் மேனுவலைப் பாருங்கள்.

2. ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். பின்லாந்தில் லூத்தரன் சபைகள் பல நூற்றாண்டுகளாகக் குடும்பம் குடும்பமாகப் பதிவேடு எழுதி வைத்திருக்கின்றன. அங்கே தேடுபவர் சர்ச் புத்தகத்தைத் திறந்தால் போதும். நமக்கு அந்த வசதி இல்லை. நம் முன்னோர் பெயர் எழுதப்பட்டது பெரும்பாலும் பத்திரத்திலும் தீர்வைக் கணக்கிலும்தான். வில்லங்கம் போடுங்கள், தாய்ப்பத்திரத்தைப் பிடியுங்கள், அதில் உள்ள தகப்பன் பெயரை வைத்து இன்னொரு தலைமுறை மேலே ஏறுங்கள். கோயில் மானிய நிலமென்றால் 1860-களின் இனாம் பதிவேடு இருக்கிறது.

பலரும் கோட்டைவிடுகிற இடம் கோர்ட். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பழைய பாகப்பிரிவினை வழக்கு ஒன்று கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பங்கு கேட்பவர் தான் யாருக்கு யார் என்று முழு வம்சாவளியையும் பிராதில் எழுதியாக வேண்டும். எதிர்த்தரப்பும் விடமாட்டார்கள், விடுபட்ட சித்தப்பாவையும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளையும் எதிருரையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரு பக்கமும் சரிபார்த்த குடும்ப மரம் வேறெங்கே கிடைக்கும்? வழக்கு எண்ணும் வருஷமும் தெரிந்தால் நகலுக்கு மனுப் போடலாம். சிவில் வக்கீல் குமாஸ்தா ஒருவருடன் இன்றே பழகத் தொடங்குங்கள்.

3. படிக்கத் தெரிய வேண்டும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். பசலி 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்குவது. பழைய ஓலைகளில் கொல்லம் ஆண்டு வந்தால் ஏறக்குறைய 825-ஐக் கூட்டுங்கள். தமிழ் எண்கள், கூட்டெழுத்து, குமாஸ்தாவின் கிறுக்கல் எல்லாம் பழக்கத்தில் வரும். இந்த ஸ்கில் இருப்பவர்கள் குறைவு. உங்கள் ரேட்டை நிர்ணயிப்பது இதுதான்.

4. பெயரை நம்பாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் கோதையும் தெருவுக்குத் தெரு உண்டு. பேரனுக்குத் தாத்தா பெயர் என்பதால் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் அதே இனிஷியலோடு திரும்ப வரும். தெருவும் சர்வே நம்பரும் ஒத்துப்போனால்தான் ஆள் ஒருவரே என்று எழுதுங்கள். ராஜபாளையத்தில் இனிஷியலே ஒரு க்ளூ. முன்னாள் முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜாவின் 'பி', பூசப்பாடி என்ற குடும்பப் பெயர். அதைத் தகப்பன் பெயர் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் க்ளையன்ட் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

5. கவுன்ட்டரில் உங்கள் இம்ப்ரெஷன் முக்கியம். 'எங்க தாத்தாவைப் பத்தி ஏதாச்சும் இருக்கா சார்?' என்று கேட்டால் பதில் வராது. கிராமம், சர்வே நம்பர், வருஷம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். எழும்பூருக்கு அனுமதிக் கடிதம் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. மெம்பராகி நூலகரிடம் முகம் பதியுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் உங்கள் ரூட்டில் இருக்கட்டும்.

6. கட்டணத்தை ஸ்டேஜ் ஸ்டேஜாக வாங்குங்கள். முன்பணம், முதல் ரிப்போர்ட், நகல் கைக்கு வந்த பிறகு மீதி. தேடியும் கிடைக்காததற்கும் பில் உண்டு. எந்த ஆபீஸ், எந்த ரிஜிஸ்டர், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை பார்த்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.