நாலரை லட்சம் யாருக்குப் போகிறது?

கேள்வி: எனக்கு வயது 36, கணவருக்கு 40. கல்யாணமாகி 12 வருடம் ஆகிறது. மூன்று முறை ஐ.வி.எஃப். செய்து, இருந்த நகையும் போய்விட்டது. தத்தெடுக்கப் பதிவு செய்து ஒரு வருடம் முடிந்தது. வரிசை எண் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் மூலம் ஒரு நர்ஸ் பழக்கமானார். "ஒரு பொண்ணு மாசமா இருக்கு. ஏற்கெனவே நாலு குழந்தை, வளர்க்க வழியில்லை. நாலரை லட்சம் கொடுத்தா பொறந்த அன்னிக்கே கையில தந்துடறேன். பர்த் சர்டிபிகேட்லயே உங்க பேர் வந்துடும். வேணும்னா வக்கீல் வெச்சுப் பத்திரமும் போட்டுக்கலாம்" என்கிறார். 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். "ஆஸ்பத்திரிக்குக் கொட்டிக் கொடுத்தோம், இதுக்குக் கொடுத்தா என்ன? அந்தப் பொண்ணுக்கும் உதவிதானே" என்று கணவர் கேட்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மீதி 4 லட்சத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. கொடுத்த 50,000-ஐக் கேட்டு அந்த நர்ஸ் வீட்டுப் படியையும் ஏறாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அந்த நாலரை லட்சம் எதற்கான காசு என்று முதலில் பார்க்க வேண்டும். பிரசவச் செலவு என்றால் அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். சட்டப்படி தத்தெடுத்தாலும் கட்டணம் உண்டு. வீட்டாய்வுக்கு, குழந்தையைப் பராமரித்த மையத்துக்கு, பின்னால் வந்து பார்த்துப் போவதற்கு என்று தனித்தனியாக, ரசீதோடு வாங்குவார்கள். எல்லாம் கூட்டினாலும் ஒரு லட்சத்தைத் தொடாது. அதற்குமேல் நன்கொடை என்று யாராவது கேட்டால் அதுவே புகாருக்குரிய விஷயம். அப்படியென்றால் மிச்ச லட்சங்கள் எதற்கு?

இரண்டு மாதத்தைத் தாண்டிக் குதிக்க. நான் சொல்வது வேடிக்கைக்கு இல்லை. குழந்தையை வளர்க்க முடியாத தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்து ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு, மனசு மாற அவளுக்கு இரண்டு மாத அவகாசம். அதுவரை அந்தக் குழந்தையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. புரோக்கர் உங்களுக்கு விற்பது அந்த அறுபது நாளைத்தான்.

நான் தத்து மையத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெண். மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவள், 19 வயசு. கையெழுத்துப் போட்டபோது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. 'இவள் திரும்பி வர மாட்டாள்' என்று நானே நினைத்தேன். 53-ம் நாள் காலையில் தன் அம்மாவோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மஞ்சப்பையில் மூன்று புதுச் சட்டை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நலக் குழுவில் எழுதிக்கொடுத்து, பேப்பர் வேலையெல்லாம் முடிந்து குழந்தையை வாங்கியதும் ஒரு சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தலை நுழையவில்லை. பிறந்த அன்று பார்த்த அளவை மனசில் வைத்தே வாங்கியிருக்கிறாள். "இவ்ளோ பெருசாயிட்டானா" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதாள்.

உங்களுக்குச் சொன்ன அந்தப் பெண்ணும் 53-ம் நாள் வருவாள் என்று நான் சொல்லவில்லை. வராமலே போகலாம். ஆனால் வர நினைத்தால் அவளுக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். பிறந்த அன்றே பிள்ளை கைமாறினால் எந்த வாசலில் போய் நிற்பாள்? உதவி என்கிறீர்கள். அவள் கையில் எவ்வளவு போகிறது என்று நர்ஸிடம் கேட்டீர்களா?

2019-ல் ராசிபுரத்தில் ஓர் ஆடியோ வெளியானது நினைவிருக்கும். நர்ஸாக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒருவர், போனில் குழந்தைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கும் எடைக்கும் ஏற்ற இறக்கம், பிறப்புச் சான்றிதழுக்குத் தனி ரேட். உங்கள் நர்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ம் பிரிவு விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே தட்டில் வைக்கிறது: 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் குறைந்தது 3, அதிகபட்சம் 7 ஆண்டு. பிறந்த குழந்தை கடத்தப்பட்டால் அந்த மருத்துவமனையின் உரிமத்தையே நிறுத்திவைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பத்திரம் போட்டால் சரியாகிவிடாதா? 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பெற்றவர்கள் நேரடியாகக் கொடுத்து, வாங்குகிறவர்கள் வாங்கி, சார்பதிவாளர் ஆபீஸில் பத்திரம் பதியலாம் என்பது நிஜம். அக்கா பிள்ளையை, கொழுந்தனார் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 17-ம் பிரிவு, தத்துக்காகக் காசு கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்கிறது. நாலரை லட்சம் கைமாறிய பிறகு எந்த வக்கீல் பத்திரம் எழுதினாலும் அந்தக் குற்றம் கழுவப்படாது.

பிறப்புச் சான்றிதழ் விஷயம் இன்னும் மோசம். நீங்கள் படுக்காத ஆஸ்பத்திரியில் நீங்கள் பெற்றதாக எழுதுவார்கள். அந்தப் பொய் தெரிந்த ஆள் ஒருவர் உங்கள் வீட்டு விலாசத்தையும் வைத்திருப்பார். நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது நோய் வந்து, "குடும்பத்தில் யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? முறைப்படி வரும் குழந்தையோடு மருத்துவ அறிக்கை, குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கை எல்லாம் வரும். கலெக்டர் உத்தரவு கிடைத்த பிறகு, உங்கள் இருவர் பேரும் போட்ட பிறப்புச் சான்றிதழைச் சட்டமே தருகிறது. திருட்டுத்தனமாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

லைசென்ஸ் உள்ள மையமெல்லாம் சுத்தம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சென்னையில் திருடுபோன குழந்தைகள் தத்து மையம் வழியாக வெளிநாடு போன வழக்கு சி.பி.ஐ. வரை போனது. யாருக்கு எந்தக் குழந்தை என்பதை மையமே தீர்மானித்த காலம் அது. அந்த அதிகாரத்தைப் பிடுங்கித்தான், 2015-ல் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமான காரா நாடு முழுவதற்கும் ஒரே வரிசை கொண்டுவந்தது. உங்களை எரிச்சலூட்டுகிற அந்த வரிசை எண் இப்படித்தான் பிறந்தது.

வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. 2023-24-ல் நாடு முழுக்கத் தத்துப் போன குழந்தைகள் 4,009 பேர். காத்திருப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. சின்னக் குழந்தை வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 76. இன்னும் மூன்று வருடம் போனாலும் 82. நாலு, ஐந்து வயதுப் பிள்ளை என்றாலும் சரி என்று இருவருக்கும் மனசு வந்தால், வயது விருப்பத்தை மாற்றுவது பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மனசு வராமல் மாற்றாதீர்கள். காத்திருந்து அலுத்துப்போய் எடுத்த முடிவில் பெரிய பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டு ஆறே மாதத்தில் திருப்பி விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக அந்தப் பெண். அவளுக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. 1098-க்குப் போன் செய்து, நர்ஸ் பேர், ஆஸ்பத்திரி, உங்களிடம் சொன்ன பிரசவ மாதம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததால் பயமாக இருந்தால், முதலில் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போனை எடுங்கள்: அவள் குழந்தையை முறைப்படி ஒப்படைத்தாலும் அது உங்களுக்கு வராது. வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் போகும்.